வெல்லெஸ்லி பிரபு, பெண்டிங் பிரபு: பிரிட்டிஷ், ஐரிஷ் பிரபு வம்சங்களின் கொடிவழியைப் படிக்கப் பழகுவோம்

பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் நமக்கு எல்லோருமே பிரபுதான். காரன்வாலிஸ் பிரபு, வெல்லெஸ்லி பிரபு, வில்லியம் பெண்டிங் பிரபு என்று வரிசையாக மனப்பாடம் செய்து எழுதினோம். ஆனால் வெல்லெஸ்லியும் பெண்டிங்கும் ஒரே அர்த்தத்தில் பிரபுக்கள் இல்லை. வெல்லெஸ்லிக்குப் பட்டம் சொந்தம். தகப்பனார் இறந்ததும் அவருக்கு வந்தது. பெண்டிங்குக்குப் பட்டமே கிடையாது. அவர் போர்ட்லண்ட் டியூக்கின் இரண்டாவது மகன். டியூக்கின் இளைய மகன்களை மரியாதைக்காக 'லார்ட்' என்று, இயற்பெயரோடு சேர்த்து அழைப்பார்கள். அதனால்தான் அவர் லார்ட் வில்லியம். சட்டப்படி அவர் சாதாரணக் குடிமகன். பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது, காமன்ஸ் சபைக்குத்தான் போனார்.

பிரிட்டன், அயர்லாந்து உயர்குடிக் குடும்பங்களின் வம்சாவளியைப் படிக்கத் தொடங்குபவருக்கு இந்த வித்தியாசத்தைப் பிடிப்பதுதான் முதல் படி. யார் யாருக்குப் பிறந்தார் என்பது கொடிவழியில் பாதி. பட்டமும் நிலமும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின, யாருக்குப் போகாமல் நின்றன என்பது மீதி. என்னைக் கேட்டால் அந்த மீதிப் பாதியில்தான் மனிதர்கள் தெரிவார்கள்.

படிநிலையைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். பரம்பரைப் பட்டங்கள் மேலிருந்து கீழாக ஐந்து: டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். இவர்களுக்குப் பொதுப்பெயர் 'பியர்'. டியூக்கைத் தவிர மற்ற நான்கு பேரையும் பேச்சில் 'லார்ட்' என்று சொல்லிவிடலாம் என்பதால், பெயரை மட்டும் பார்த்து எந்தப் படி என்று தெரியாது. பியர்களுக்குக் கீழே பாரனெட். 1611ல் முதலாம் ஜேம்ஸ் அரசர் உண்டாக்கிய பட்டம் இது. அயர்லாந்தின் அல்ஸ்டரில் படை வைக்கப் பணம் வேண்டியிருந்தது. 30 வீரர்களுக்கு, நாளுக்கு 8 பென்ஸ் வீதம், மூன்று வருடச் சம்பளமாக 1,095 பவுண்டு கொடுத்தவர் பாரனெட் ஆனார். அவர் பெயருக்கு முன்னால் 'சர்' வரும். அவருக்குப் பின் மகனுக்கும் வரும். நைட்டுக்கும் 'சர்' உண்டு, ஆனால் அது அவர் ஆயுளோடு முடியும். சென்னையில் குதிரைமேல் சிலையாக இருக்கும் சர் தாமஸ் மன்றோ 1825ல் பாரனெட் ஆனவர். 1827ல் அவர் இறந்ததும் சிறுவனாக இருந்த மகனுக்குப் பட்டம் போனது. சர் சி.வி. ராமன் 1929ல் நைட் ஆனவர். அந்த 'சர்' அவரோடு நின்றது.

இவர்களுக்கெல்லாம் அடியில், பியர் பட்டம் இல்லாமல் நிலம் மட்டும் வைத்திருந்தவர்கள் ஜென்ட்ரி. ஒரு மாளிகை, சுற்றிலும் எஸ்டேட், குத்தகைக்காரர்கள் கட்டும் வாடகை, கதவுக்கு மேல் குலச்சின்னம். எண்ணிக்கையில் பியர்களைவிடப் பல மடங்கு பேர். 1530 முதல் 1688 வரை அரச அதிகாரிகள் இங்கிலாந்தில் ஒவ்வொரு கவுண்டியாகப் போய், "குலச்சின்னம் போட்டுக்கொள்ள உமக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டு வம்சாவளியை எழுதி வாங்கினார்கள். காட்ட முடியாதவரை, இவர் கனவான் அல்ல என்று ஊரறிய அறிவித்தார்கள். பட்டமில்லாத குடும்பங்களின் பழைய கொடிவழிகள் பல நம் கைக்கு வந்தது இந்த விசாரணையால்தான்.

சரி, இப்போது எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் விதிக்கு வருவோம். நம் பக்கம் அப்பா காலமானால் பாகப்பிரிவினை என்ற பேச்சு வரும். அங்கே அந்தக் காலத்தில் பாகமே கிடையாது. பட்டம் மூத்த மகனுக்கு. நிலத்தையும் செட்டில்மென்ட் பத்திரம் போட்டு மூத்த மகன் வழியிலேயே கட்டிவைத்தார்கள். வைத்திருப்பவர் ஆயுள்வரை அனுபவிக்கலாம். இஷ்டப்படி விற்க முடியாது. மகன் இல்லாவிட்டால் தம்பி, தம்பி மகன், சித்தப்பா வழி என்று பங்காளிகள் பக்கம் போகும். பெரும்பாலான பட்டங்கள் மகளைத் தாண்டிக்கொண்டு எட்டாம் தலைமுறைப் பங்காளிக்குக்கூடப் போகும். மகளுக்குக் கல்யாணத்தின்போது ஒரு தொகை. இளைய மகன்களுக்குக் கொஞ்சம் பணம், நல்ல சிபாரிசு, அவ்வளவுதான். ராணுவம், சர்ச், வக்கீல் தொழில், இல்லையென்றால் கிழக்கிந்தியக் கம்பெனி. கம்பெனிப் பதிவேடுகளில் பெரிய குடும்பப் பெயர்கள் இவ்வளவு தட்டுப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த விதியால் குடும்பம் மேலே ஒல்லியாகவும் கீழே அகலமாகவும் இருக்கும். வின்ஸ்டன் சர்ச்சில் 7ஆம் மார்ல்பரோ டியூக்கின் பேரன். அவர் அப்பா மூன்றாவது மகன் என்பதால் வெறும் மரியாதைக்கு லார்ட் ராண்டால்ஃப். பேரனோ பிறக்கும்போதே மிஸ்டர் சர்ச்சில். இரண்டே தலைமுறையில் பட்டத்தின் நிழல் விலகிவிட்டது. சாதாரண ஆங்கிலேயர் ஒருவர் தன் வம்சத்தைத் தேடிக்கொண்டே போய் ஏதாவது ஒரு ஏர்லிடம் முட்டி நிற்பது ஆச்சரியமே இல்லை.

புதிதாகப் படிப்பவரைப் பாடாய்ப் படுத்துவது பெயர் மாற்றம். ராபர்ட் கிளைவின் பேரன் பெயர் கிளைவ் இல்லை, ஹெர்பர்ட். 1799ல், கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஆண்டில், சென்னைக் கவர்னராக இருந்தவர் ராபர்ட் கிளைவின் மூத்த மகன் எட்வர்ட். அவர் மனைவி ஹென்ரியட்டா ஹெர்பர்ட், வேல்ஸில் போவிஸ் கோட்டைக்குச் சொந்தக்காரரான ஏர்லின் மகள். ஹென்ரியட்டாவின் அண்ணன் தம்பி என்று இருந்தது ஒருவர்தான். அவர் 1801ல் கல்யாணம் ஆகாமலே இறந்தார். அந்த ஏர்ல் பட்டம் அவரோடு போயிற்று. ஆனால் எஸ்டேட்டைத் தங்கை மகனுக்கு எழுதிவைத்திருந்தார், ஹெர்பர்ட் என்று பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதனால் 1807ல் கிளைவின் பேரன் ஹெர்பர்ட் ஆனார். பட்டமும் கைவிட்டுப் போகவில்லை. 1804லேயே எட்வர்ட் கிளைவுக்குப் போவிஸ் ஏர்ல் பட்டத்தைப் புதிதாக உண்டாக்கிக் கொடுத்துவிட்டார்கள். தாய்மாமன் சொத்துக்காக அப்பா பெயரை விட்டது அந்த ஊரில் யாருக்கும் விநோதமாகத் தெரியவில்லை. ஒரு குடும்பத்தின் பெயர் திடீரென்று மாறினால், அல்லது இரண்டு மூன்று பெயர்கள் கோத்துக்கொண்டு வந்தால், கொஞ்சம் முன்னால் போய்ப் பாருங்கள். பக்கத்தில் யாரோ பிள்ளையில்லாமல் இறந்திருப்பார்.

இனி வெல்லெஸ்லி குடும்பம். இதை நிறுத்தி நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் ஒரு தொடக்கநிலை வாசகருக்குத் தேவையான ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு வீட்டுக்குள் இருக்கிறது. முதலில், இவர்கள் வெல்லெஸ்லிகளே இல்லை. அயர்லாந்தின் கில்டேர் பகுதியில் நிலம் வைத்திருந்த கோலி என்ற ஜென்ட்ரி குடும்பம். 1728ல் காரெட் வெஸ்லி என்ற உறவினர் வாரிசு இல்லாமல் இறந்தார். பெயரையும் குலச்சின்னத்தையும் எடுத்துக்கொண்டால் மீத் கவுண்டியில் இருந்த தன் எஸ்டேட் ரிச்சர்ட் கோலிக்கு என்பது ஏற்பாடு. ரிச்சர்ட் கோலி வெஸ்லி ஆனார். 1746ல் பாரன் மார்னிங்டன். அவர் மகன் 1760ல் ஏர்ல் மார்னிங்டன். பேரன் ரிச்சர்ட் காலத்தில்தான் வெஸ்லி என்பது பழைய எழுத்துப்படி வெல்லெஸ்லி என்று நீண்டது. ரிச்சர்டின் தம்பி ஆர்தர் 1798வாக்கில் இந்தியாவில் இருந்தபோதுதான் இந்த எழுத்தில் கையெழுத்துப் போடத் தொடங்கினார்.

முதல் ஏர்லின் மகன்களில் ஐந்து பேரைப் பார்த்தால், மேலே சொன்ன விதி அப்படியே நடந்து காட்டும். மூத்தவர் ரிச்சர்டுக்கு மார்னிங்டன் பட்டமும் நிலமும், கூடவே கடனும். அவர்தான் நம் பாடப்புத்தக வெல்லெஸ்லி பிரபு, 1798 முதல் 1805 வரை கவர்னர் ஜெனரல். தஞ்சாவூரும் ஆற்காடும் கம்பெனி கைக்குப் போனது இவர் காலத்தில். இரண்டாவது வில்லியம், போல் என்ற உறவினரின் பேலிஃபின் எஸ்டேட் கிடைத்ததால் வெல்லெஸ்லி-போல். ஆர்தர் ராணுவம். ஜெரால்ட் பாதிரியார். கடைக்குட்டி ஹென்றி தூதர். ஹென்றிக்கு 1828ல் பாரன் பட்டம் கிடைத்தபோது அவர் தேர்ந்தெடுத்த பெயர் கௌலி. கோலி என்ற பழைய வீட்டுப் பெயரின் இன்னொரு உச்சரிப்பு அது. சொத்துக்காகத் தாத்தா கழற்றி வைத்த பெயரைப் பேரன் நூறு வருடம் கழித்துத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டார். கொடிவழியில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று.

ஆர்தர் இளைய மகன், சொத்து இல்லாதவர். கிட்டி பேக்கன்ஹாம் என்ற பெண்ணைக் கேட்டுப் போனபோது, லாங்ஃபோர்ட் பிரபு குடும்பமான அவள் வீட்டார் மறுத்துவிட்டார்கள். ஸ்ரீரங்கப்பட்டணமும் மராட்டியப் போரும் முடித்து ஊர் திரும்பி, 1806ல்தான் அவளைக் கட்டினார். பிறகு 1809ல் வைகவுண்ட் வெலிங்டன், 1812ல் ஏர்ல், அதே ஆண்டு மார்க்விஸ், 1814ல் டியூக். ஒரே ஆளை ஆர்தர் வெஸ்லி, ஆர்தர் வெல்லெஸ்லி, சர் ஆர்தர், லார்ட் வெலிங்டன், வெலிங்டன் டியூக் என்று ஐந்து பெயர்களில் ஆவணங்களில் தேட வேண்டியிருக்கும். ஒரு கடிதத்தில் 'லார்ட் வெலிங்டன்' என்று இருந்தால், என்ன தேதி என்று பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது.

இவ்வளவு பெரிய மனிதருக்குப் பிறந்த தேதியாவது உறுதியாக இருக்கும் என்று நினைப்போம். அவர் மே 1ஐத்தான் பிறந்தநாளாகக் கொண்டாடினார். அம்மா சொன்ன தேதி அது. டப்ளின் செயின்ட் பீட்டர் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டிலோ, 1769 ஏப்ரல் 30 என்று இருக்கிறது. பிறப்பதற்கு முந்தின நாளே ஞானஸ்நானம் ஆகியிருக்க முடியாது அல்லவா? பெற்ற தாயின் சொல்லுக்கும் பதிவேட்டுக்கும் ஒரு நாள் இடறுகிறது. டியூக்குக்கே இந்தக் கதி என்றால், மீத் கவுண்டியில் 200 ஏக்கர் வைத்திருந்த கனவானின் தேதிகளை எவ்வளவு கவனமாகக் கையாள வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

மறுபடி மூத்தவர் ரிச்சர்டிடம் வருவோம். அவருக்கு ஹயசிந்த் ரோலண்ட் என்ற பிரெஞ்சுப் பெண்ணோடு ஐந்து பிள்ளைகள். 1794ல் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆனால் ஐந்து பேருமே அதற்கு முன்பு பிறந்தவர்கள். ஸ்காட்லாந்துச் சட்டத்தில், பின்னால் நடக்கும் கல்யாணம் முன்னால் பிறந்த பிள்ளையையும் முறையான பிள்ளையாக்கிவிடும். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் அப்போது அப்படி இல்லை. 1799ல் அவருக்கு மார்க்விஸ் வெல்லெஸ்லி பட்டம் கிடைத்தது. அதுவும் மதிப்புக் குறைவான அயர்லாந்துப் பட்டம் என்பதால், இரட்டை முலாம் பூசிய உருளைக்கிழங்கு என்று நொந்துகொண்டார். 1842ல் அவர் இறந்தபோது, பெற்ற மகன்கள் இருந்தும் அந்தப் பட்டம் அற்றுப்போனது. அப்பாவிடமிருந்து வந்த மார்னிங்டன் பட்டம் தம்பி வில்லியமுக்குப் போனது. அவருக்குப் பின் அவர் மகன். கல்யாணம் செய்த சீமாட்டியின் சொத்துக்காகப் போல்-டில்னி-லாங்-வெல்லெஸ்லி என்று நான்கு பெயரைச் சுமந்துகொண்டு, அந்தச் சொத்தையே அழித்தவர். பிறகு பேரன். பேரனும் பிள்ளையில்லாமல் போக, 1863ல் மார்னிங்டன் பட்டம் இரண்டாவது வெலிங்டன் டியூக்கிடம் வந்து சேர்ந்தது. நிலமில்லை என்று பெண் கொடுக்க மறுக்கப்பட்ட ஆர்தரின் மகன் அவர்.

பட்டத்தின் முடிவில் மூன்று நிலைகள் உண்டு. வாரிசு யாருமே இல்லையென்றால் அற்றுப்போன பட்டம். வாரிசு இருக்கலாம், ஆனால் யாரும் நிரூபிக்கவில்லை என்றால் உறங்கும் பட்டம். சில பழைய பாரன் பட்டங்கள் மகளுக்கும் போகும். ஆனால் மகன் இல்லாமல் இரண்டு மகள் இருந்துவிட்டால் இருவருக்கும் சம உரிமை, ஆகவே இருவருக்கும் கிடைக்காமல் அந்தரத்தில் தொங்கும். கமாய்ஸ் என்ற பாரன் பட்டம் 1426 முதல் அப்படித் தொங்கி, 1839ல்தான் கீழே இறங்கியது. வம்சாவளிப் புத்தகங்களில் இதையெல்லாம் மிகச் சுருக்கமாகத்தான் எழுதுவார்கள். 'டி.எஸ்.பி.' என்று போட்டிருந்தால் நமக்குப் போலீஸ் அதிகாரிதான் நினைவுக்கு வருவார். அங்கே அது 'பிள்ளையில்லாமல் இறந்தார்' என்பதற்கான லத்தீன் சுருக்கம். 'டி.வி.பி.' என்றால் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே இறந்தவர். இந்த மூன்றெழுத்துகளைக் கண்டால் நின்று படியுங்கள். நிலம் திசை மாறும் இடம் பெரும்பாலும் அங்கேதான்.

அயர்லாந்தைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும், அங்கே ஒரே நிலத்தில் பல சட்டங்கள் மோதின. அயர்லாந்துப் பூர்வகுடிகளின் பழைய கேலிக் வழக்கத்தில் தலைவர் பதவி மூத்த மகனுக்கு என்று கிடையாது. ஒரே கொள்ளுத்தாத்தாவின் வழியில் வந்த ஆண்களில் தகுதியானவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அடுத்துவரப் போகிறவருக்கு 'டானிஸ்ட்' என்று பெயர். இன்றைய அயர்லாந்தின் துணைப் பிரதமர் பதவிப் பெயர் அந்தச் சொல்தான். எட்டாம் ஹென்றி இந்தத் தலைவர்களை நிலத்தை ஒப்படைக்க வைத்து, ஆங்கிலப் பட்டத்தோடு திருப்பிக் கொடுத்தார். 1542ல் கான் ஓ'நீல் இப்படி டைரோன் ஏர்ல் ஆனார். ஏர்ல் பட்டம் மாத்யூ என்ற மகனுக்கு என்று பத்திரத்தில் எழுதியாயிற்று. மக்களோ ஷேன் என்ற மகனைத் தலைவராக ஏற்றார்கள். மாத்யூ கொல்லப்பட்டார். அண்ணன் தம்பிச் சண்டை என்று மேலோட்டமாகப் படித்தால் விஷயம் புரியாது. இரண்டு வாரிசுச் சட்டங்கள் ஒரே வீட்டில் கத்தியோடு நின்ற கதை அது.

அப்புறம் 1704ஆம் ஆண்டுச் சட்டம். கத்தோலிக்கர் இறந்தால் நிலத்தை எல்லா மகன்களுக்கும் பங்குபோட வேண்டும். மூத்த மகன் புராட்டஸ்டன்டாக மாறினால் முழுவதும் அவனுக்கு. கத்தோலிக்க எஸ்டேட்டுகளைத் துண்டு துண்டாக்கச் செய்த ஏற்பாடு. 18ஆம் நூற்றாண்டு ஐரிஷ் கொடிவழியில் ஒரு மூத்த மகன் மட்டும் மதம் மாறியிருந்தால், அவர் மனசாட்சியைப் பற்றி முடிவு கட்டும் முன் தேதியையும் நிலத்தையும் பாருங்கள். தம்பிகள் கத்தோலிக்கர்களாகவே இருந்து பிரான்ஸ், ஸ்பெயின் படைகளில் சேர்ந்திருப்பார்கள்.

இவற்றையெல்லாம் ஆவணத்தில் பார்க்கலாமே என்றால், 1922 ஜூன் 30 குறுக்கே நிற்கிறது. ஐரிஷ் உள்நாட்டுப் போரில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகம் வெடித்து எரிந்தது. ஆவணக் காப்பகம் அதற்குள்தான் இருந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகள், உயில்கள், அயர்லாந்துப் புராட்டஸ்டன்ட் சர்ச்சின் பதிவேடுகளில் பாதிக்கு மேல், எல்லாம் சாம்பல். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும். ஆனால் பத்திரப் பதிவு அலுவலகம் வேறு இடத்தில், ஹென்ரியட்டா தெருவில் இருந்ததால் தப்பியது. 1708 முதலான பதிவுகள் அங்கே உண்டு. அதில் பெரிய பொக்கிஷம், 'மூன்று ஆயுள்' குத்தகை. குத்தகைக்கு இத்தனை வருடம் என்று கெடு கிடையாது. பத்திரத்தில் பெயர் சொல்லப்பட்ட மூன்று பேரில் கடைசி ஆள் சாகும்வரை செல்லும். அதனால் நீண்ட ஆயுள் இருக்கட்டும் என்று சின்னக் குழந்தைகள் பெயரைப் போடுவார்கள், இன்னாருடைய இரண்டாவது மகன், வயது ஏழு என்பதுபோல. ஞானஸ்நானப் பதிவேடு எரிந்துபோன ஊரில் ஒரு குழந்தை இருந்ததற்குக் குத்தகைப் பத்திரம் சாட்சி சொல்கிறது.

அச்சுப் புத்தகங்களில் முதலில் கைக்கு வருவது பர்க் தொகுப்பு. டிப்பரரியில் பிறந்த ஜான் பர்க் 1826ல் தொடங்கியது. பியர்களுக்கு ஒன்று, ஜென்ட்ரிக்கு ஒன்று. குடும்பம் முழுவதையும், கிளைகளோடு, ஒரே இடத்தில் பார்க்க அதைவிட வசதி இல்லை. ஆனால் தகவலில் பெரும்பகுதி அந்தந்தக் குடும்பமே கொடுத்தது. சமீபத்திய நான்கைந்து தலைமுறைகளை ஓரளவு நம்பலாம். நார்மன் படையெடுப்போடு வந்தோம் என்று ஆரம்பிக்கும் வரிகளுக்கு ஆதாரம் கேளுங்கள். டென்பி ஏர்ல்களான ஃபீல்டிங் குடும்பம் தாங்கள் ஹாப்ஸ்பர்க் பேரரசர்களின் வழி என்றே சொல்லிவந்தது. அதற்கான பழைய பத்திரங்கள் போலி என்று ஜே. ஹொரேஸ் ரவுண்ட் என்ற வரலாற்றாய்வாளர் பிற்பாடு காட்டினார். கோகெய்ன் தொகுத்த பியர் பட்டியல் அடிக்குறிப்போடு கறாராக இருக்கும், ஆனால் பட்டம் வகித்தவரைத் தாண்டி அண்ணன் தம்பிகளுக்குள் அதிகம் போகாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 1538 முதலான இங்கிலாந்துத் தேவாலயப் பதிவேடுகளோடும் உயில்களோடும் ஒப்பிடுவதுதான் வழக்கம்.

பெண்களைத் தேடும்போது மட்டும் கணவர் வீட்டுப் பக்கத்துக்குப் போக வேண்டும். ரிச்சர்ட் வெல்லெஸ்லியின் மகள் ஆன், கல்யாணத்துக்கு முன் பிறந்த ஐந்து பேரில் ஒருத்தி. மார்க்விஸ் பட்டத்தின் கணக்கில் அவளுக்கு இடமே இல்லை. போர்ட்லண்ட் டியூக்குகளின் பக்கத்தைத் திறந்தால் கிடைப்பாள். 1816ல் அவள் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டது லார்ட் சார்லஸ் பெண்டிங்கை. நம் லார்ட் வில்லியம் பெண்டிங்கின் தம்பி அவர். இன்னொரு பட்டமில்லாத இளைய மகன். அவர்கள் மகன் சார்லஸ் ஒரு பாதிரியார். பாதிரியாரின் மகள் சிசிலியா, ஸ்ட்ராத்மோர் ஏர்லை மணந்தாள். சிசிலியாவின் மகள் எலிசபெத் ஆறாம் ஜார்ஜ் அரசரின் மனைவி. அவர்கள் மூத்த மகள் 1952ல் இரண்டாம் எலிசபெத் அரசியானார்.